கண்டலுக்கு முதலில் இடம் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் என் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் படம் வந்திருந்தது. தண்ணீருக்கு மேலே ஒன்பது வயதுக் கண்டல் (கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்), அதன் வேர்களுக்குக் கீழே பவளங்கள். அதைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் பலர். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, ஐந்து வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். அடுத்து உங்களுடையதைப் போல ஒரு தொட்டி வைக்க ஆசை. கண்டல் வைத்தால் அதுவே தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும், வேறு ஃபில்டர் வேண்டாம் என்கிறார் நண்பர். எதிலிருந்து தொடங்குவது?

நண்பர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைக் கண்டல் எடுத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் எடுக்கும். என் மரம் நன்றாக இருக்கிற மாதத்தில் ஒரு ஜோடி இலை விடும். அந்த இரண்டு இலைகளையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன், எட்டு கிராம். அதே வாரம் கீழ்த்தொட்டியிலிருந்து (தண்ணீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும் அடித்தொட்டி) வாரி எறிந்த கீட்டோ என்ற நூல் போன்ற பாசி கால் கிலோ இருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்வது யார் என்று தராசே சொல்லிவிட்டது. மீனுக்குத் தினமும் தீனி போடுகிறோம். அந்தக் கழிவை இரண்டு மூன்று கண்டல் நாற்றுகள் தலையில் கட்டக்கூடாது.

தொட்டியின் உண்மையான ஃபில்டர் அதில் இருக்கும் பாறைதான். 1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பிக் கடல் தொட்டி நடத்திக் காட்டினார். இன்றும் அடிப்படை அதேதான். பாறையின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கூட்டம் உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் வாங்காதீர்கள். கொஞ்சம் அம்மோனியா விட்டு, அது ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா, நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே முதல் மீன். நடுவில் கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானே போய்விடும்.

தொடங்குகிறவருக்கு 200 லிட்டர் நல்ல அளவு. அதைவிடச் சிறியதில் ஒரு சின்னத் தவறுகூடத் தண்ணீரை மாற்றிவிடும். பாறை, கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். தரை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரினும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் வரும், சில இடங்களில் செம்பும் வரும். செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். சவ்வு வழியாக வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும், அதற்குப் பிறகு மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வழியாகவும் வந்து டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்ட வேண்டும். குடிநீருக்கான சில ஆர்.ஓ. கருவிகள் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும், அது உதவாது. உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், அதாவது 200 லிட்டருக்கு ஏழரை கிலோ போல வரும். சமையல் உப்பு கூடாது, கடல் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பு வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிடுங்கள். இலக்கு 35 பி.பி.டி. (ஆயிரம் பங்கு தண்ணீரில் 35 பங்கு உப்பு), வெப்பம் 25 டிகிரியை ஒட்டி.

இனி கண்டல். நான் முதலில் செய்த தவறு, தொட்டி, மூடி, விளக்கு எல்லாம் வாங்கி முடித்த பிறகு மரத்தை எங்கே வைப்பது என்று தேடியது. மூடி இருந்தால் மரம் நிமிர முடியாது. பவளத்துக்கான விளக்கு தண்ணீருக்கு மிக அருகில் தொங்கும், இலை அதில் கருகும். அதனால் காகிதத்தில் தொட்டியை வரையும்போதே பின்பக்கம் ஒரு மூலையை மரத்துக்கு ஒதுக்குங்கள். மேலே 60 செ.மீ.யாவது திறந்திருக்கட்டும், அதற்கென்று தனியாக ஒரு வெள்ளை எல்.இ.டி. இருக்கட்டும். 6500 கெல்வின் (பகல் வெளிச்சத்தின் நிறம்), ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். திறந்த தொட்டியில் மீன் துள்ளி வெளியே விழும், மீதி இடத்துக்கு வலை கட்டிவிடுங்கள்.

இயற்கையில் கண்டலும் பவளமும் ஒன்றாக இருக்குமா? சேற்றில் வளரும் மரத்தைத் தெளிந்த தண்ணீரில் வைப்பது அதைக் கொடுமைப்படுத்துவது ஆகாதா?

இப்படிக் கேட்டதற்கு நன்றி. பெரும்பாலும் கண்டல் சேற்றோரத்தில் இருக்கும், பவளம் தள்ளி இருக்கும். ஆனால் கரீபியனில் வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த ஹரிக்கேன் ஹோல் என்ற விரிகுடாவில், முப்பதுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் கண்டல் வேர்களிலும் அவற்றின் நிழலிலும் வளர்கின்றன. மரத்துக்குச் சேறு கட்டாயமில்லை. வேருக்குப் பிடிமானமும் இலைக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைத்தால் போதும். என்னுடையது கல் இடுக்கில்தான் நிற்கிறது, ஒரு பிடி மணல்கூட இல்லை.

கண்டல் நாற்று இரண்டு வாங்கினேன். கொண்டுவந்த அன்றே தொட்டியில் வைத்தேன். பத்து நாளில் இலை முழுதும் கொட்டிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

எனக்கும் இப்படித்தான் இரண்டு நாற்றுகள் போயின. வாங்கும்போது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்டீர்களா? கண்டல் நன்னீரிலும் வளரும், அதனால் பலரும் நன்னீரில்தான் முளைக்க வைக்கிறார்கள். அந்த வேர் உப்பைத் தடுத்துப் பழகியிருக்காது. ஒரே நாளில் 35 பி.பி.டி.யில் வைத்தால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். தனி ஜாடியில் வைத்து வாரம் நான்கைந்து பி.பி.டி. வீதம் உப்பைக் கூட்டுங்கள். இரண்டு மாதம் ஆகும், ஆகட்டும்.

அடுத்த முறை இலை விடாத முளைத்தண்டாகவே வாங்குங்கள். கண்டலின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, பென்சில் போல நீண்ட பிறகுதான் கீழே விழும். தடித்துக் கூர்மையாக இருக்கும் முனை வேர் வரும் பக்கம், மெலிந்த முனையில் மொட்டு. ஒரு ஸ்பாஞ்சு வட்டத்தில் துளை போட்டு அதில் செருகி மிதக்க விடுங்கள். கீழ் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தண்ணீரில் இருந்தால் போதும். மொட்டு நனைந்தே கிடந்தால் அழுகிவிடும். எனக்கு ஐந்தாவது வாரம் வேர் வந்தது, முதல் ஜோடி இலை விரிய மூன்று மாதம். அந்த இலை விரிந்த காலையில் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். வேர் விரல் நீளம் வந்த பிறகு கல் இடுக்கில் நிறுத்துங்கள், அப்புறம் இடம் மாற்றாதீர்கள்.

தினமும் இலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்கிறார்களே, உப்பை வெளியேற்றவா?

அது இனத்தைப் பொறுத்தது. வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, இலையில் இருக்கும் சுரப்பிகள் வழியாக வெளியேற்றும். தொட்டுப் பார்த்தால் விரலில் உப்பு ஒட்டும், அதைக் கழுவிவிடுவது நல்லது. நம் தொட்டிகளில் பெரும்பாலும் இருக்கும் ரைசோஃபோரா என்ற கண்டல் வகை, பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும். ஆனாலும் குமிழி தெறித்து இலையில் உப்பு படியும், தூசி சேரும். நான் காலையில் நன்னீர் தெளிக்கிறேன். இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்க அது ஒரு சாக்கு, செதில் பூச்சி அங்கேதான் ஒளியும். பூச்சி மருந்து அடித்துவிடாதீர்கள். ஒரு துளி தண்ணீரில் விழுந்தாலும் இறால் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

மேடம், என் மரத்தில் இலைகள் மஞ்சளாகின்றன. உரம் போடலாமா?

எந்த இலை மஞ்சளாகிறது என்று எழுதவில்லையே. அடியில் இருக்கும் பழைய ஜோடி மஞ்சளாகி விழுந்தால் அது வயது, கவலை வேண்டாம். விழுந்ததை உடனே எடுத்துவிடுங்கள், தண்ணீரில் மக்கினால் மரம் எடுத்ததெல்லாம் தொட்டிக்கே திரும்பிவிடும். பழைய இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியத்தைச் சோதியுங்கள். லிட்டருக்கு 1250 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் மாற்றுவதாலேயே பெரும்பாலும் சரியாகும். புது இலையே வெளிறி வந்தால் இரும்புச்சத்துக் குறை. செடி உரம் மட்டும் வேண்டாம், அதில் பாஸ்பேட்டும் சில சமயம் செம்பும் இருக்கும்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் சின்னத் தொட்டி வைத்திருக்கிறோம். தண்ணீர் குறையும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றுகிறோம். மூன்று வாரமாகப் பவளங்கள் விரியவே இல்லை.

தம்பி, தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு முறையும் உப்பு ஏறிக்கொண்டே போகும். இன்றே அளந்து பாருங்கள், 40ஐத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே நாளில் இறக்க வேண்டாம். தினமும் கொஞ்சம் உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. டி.ஐ. நன்னீர் ஊற்றி, நாளுக்கு ஒன்று ஒன்றரை பி.பி.டி.யாக இறக்குங்கள். 35க்கு வந்த பிறகு கண்ணாடியில் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, தினமும் அதுவரை நன்னீர் மட்டும் விடுங்கள். மென்பவளங்கள் பொறுமையானவை, திரும்ப விரியும்.

பழைய தொட்டியின் பாறையில் பட்டன் பவளம் மண்டிக் கிடக்கிறது. கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். பட்டன் பவளம் சோயாந்திட் என்ற குழுவைச் சேர்ந்தது, அந்த வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சுடுநீர் வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

கடற்கரையில் பவளக் கல்லும் கண்டல் செடியும் எடுத்துவந்து வைத்தால் என்ன?

கல் எடுக்காதீர்கள். கல்பவளங்கள் அனைத்தும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, பல நாடுகளில் எடுப்பதே குற்றம். செயற்கைப் பாறை வாங்குங்கள், பண்ணையில் வளர்த்த பவளத் துண்டு வாங்குங்கள். வேரூன்றி நிற்கும் கண்டலைப் பிடுங்குவதை என்னால் மன்னிக்கவே முடியாது. கரை ஒதுங்கிய முளைத்தண்டை எடுப்பதற்கும் உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். வேண்டாத நாற்றை ஓடையிலோ கடலிலோ விடுவதும் தவறு. ஹவாய்த் தீவுகளில் கண்டல் இயற்கையாகக் கிடையாது. 1902ல் மோலோகாய் தீவில் மண்ணரிப்பைத் தடுக்கக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று அது அங்கே நீர்ப்பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்கிரமிப்பு மரம்.

மரம் தொட்டியை விடப் பெரிதாகிவிடாதா? வெட்டலாமா?

வெட்டலாம், எங்கே என்பதுதான் முக்கியம். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். ஆனால் அடியில் இருக்கும் கடைசி இலைக்கும் கீழே வெட்டினால் ரைசோஃபோரா மறுபடி துளிர்க்காது, பழைய தண்டில் உறங்கும் மொட்டு அதற்கு இல்லை. வேரையும் கவனியுங்கள். தண்டிலிருந்து இறங்கும் தாங்குவேர் பம்பின் வாயை அடைத்துவிடும், கண்ணாடி மூலையில் சிலிக்கான் ஒட்டைப் பிளந்துவிடும். அந்தப் பக்கம் வரும் வேரைச் சின்னதாக இருக்கும்போதே கையால் திசை திருப்பிவிடலாம். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்துவிடுவேன்.

கண்டல் இருக்கிறதே, சேற்றில் தாவும் மீனையும் அதில் விடலாமா?

ஆசை புரிகிறது, ஆனால் விடாதீர்கள். சேற்றுத் தாவிக்கு ஏறி உட்கார ஈரத் தரை வேண்டும், பலவற்றுக்கு உப்பு குறைந்த கழிமுகத் தண்ணீர்தான் ஒத்துவரும், மூடியும் வேண்டும். பவளத்துக்கு இதெல்லாம் நேர் எதிர். அதற்கென்று கால்வாசி தண்ணீரும் முக்கால்வாசிக் காற்றுமாக இன்னொரு தொட்டி வையுங்கள், அங்கேயும் ஒரு கண்டல் நிற்கும். பவளத் தொட்டியில் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, வேருக்கு இடையில் ஒளிய ஒரு சிறு கோபி மீன், ஒரு துப்புரவு இறால் போதும். 200 லிட்டரில் அதற்கு மேல் நான் விடுவதில்லை.