டெஸ்மா நாட்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து மூன்று மாதமாகிறது. வாரிசுச் சான்றிதழுக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன வாரம் இரண்டு தடவை தாலுகா ஆபீஸ் போனேன். ஊழியர்கள் ஸ்டிரைக். வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், உள்ளே நாற்காலிகள் காலி. முட்டிவலிக்கார அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். 2003-ல் ஜெயலலிதா செய்ததுபோல ஒரேயடியாக எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினால்தான் இவர்கள் வழிக்கு வருவார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., திண்டிவனம்

அன்புள்ள ச.,

அம்மா படியில் உட்கார்ந்ததைப் படித்தபோது வேதனையாக இருந்தது. துக்க வீட்டிலிருந்து வருகிறவர்களுக்காகவாவது சங்கத்தினரே இரண்டு பேரை உள்ளே அனுப்பியிருக்கலாம். வேலை பார்க்காத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று அரசு சொன்னாலும் அது நியாயம்தான்.

ஆனால் 2003 திரும்பி வர வேண்டும் என்கிறீர்களே, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஓய்வூதியத்திலும் மற்ற சலுகைகளிலும் அரசு கைவைத்ததை எதிர்த்து ஜூலை 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் அவசரத் திருத்தம் கொண்டுவந்து, சில நாட்களுக்குள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்தார்கள். அண்ணனுக்கும் வேலை போன அன்று சாயங்காலம் அந்த அண்ணி என் அம்மாவிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "நாளையிலேர்ந்து பாலை நிறுத்திடட்டுமாக்கா?" என்பதுதான்.

மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றத்தில், மன்னிப்புக் கடிதமும் இனி இப்படிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியும் கொடுத்தால் பெரும்பாலானவர்களைச் சேர்த்துக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது. ஜெராக்ஸ் கடையில் அந்தக் கடிதத்தைப் பெயருக்கும் பதவிக்கும் இடம் விட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் கடை வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். அந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டதில்லை.

அரசுக்குத்தான் என்ன கிடைத்தது? அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்று ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி முழு வெற்றி. ஆனால் 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதிகூடக் கிடைக்காமல் போனதும், அதே அரசு அந்த நடவடிக்கைகளை வாபஸ் வாங்கியது. பிரச்சினையும் தீரவில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றானது. அதைத் திரும்பக் கேட்டு 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ மறுபடி தெருவுக்கு வந்தது.

2018 பொங்கலுக்கு முன்னால் நடந்த பஸ் ஸ்டிரைக் ஞாபகமிருக்கிறதா? புதுச் சம்பளம் நிர்ணயிக்கப் பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்க வேண்டும் என்றன சங்கங்கள், 2.44 என்றது அரசு. இந்த வித்தியாசத்துக்கு ஊரே ஒரு வாரம் பஸ்ஸில்லாமல் தவித்தது. தற்காலிக டிரைவர்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராகப் போட்ட பிறகுதான் பஸ் ஓடியது. அந்த மத்தியஸ்தரை முதல் நாளே போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மத்திய அரசு இதை ரொம்ப முன்பே யோசித்திருக்கிறது. 1960-ல் நேரு காலத்தில் மத்திய ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு 1966-ல் அரசும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேசுவதற்கான கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது. சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் பேச்சு முறிந்தால் விஷயம் மத்தியஸ்தத்துக்குப் போகலாம். அதிலும் குறைகள் உண்டு. ஆனால் "ஸ்டிரைக் செய்யாதே" என்று சொல்கிற அரசு, "அப்படியானால் எங்கே போய்க் கேட்பது?" என்ற கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். மாநில ஊழியர்களுக்கும் அப்படி ஒரு மத்தியஸ்தம் வேண்டும், அதன் முடிவு இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும்.

சங்கங்கள் நோட்டீஸ் கொடுத்த நாளுக்கும் பந்தல் போட்ட நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் இருந்தது, அந்த நாட்களில் யார் யாரைக் கூப்பிட்டுப் பேசினார்கள் என்று உங்கள் ஊர் எம்.எல்.ஏ.விடம் கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்குச் சான்றிதழ் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.