ஞாயிறுதோறும் குளத்தங்கரைக்குப் போவதால் ஏதாவது மாறுமா?

"வேலை மாறுதலில் நாகர்கோவிலுக்கு வந்திருக்கிறோம். இங்கே சுற்றுச்சூழல் குழு ஒன்றில் சேர ஆசை. பறவை பார்க்கிறார்கள், கடற்கரையைச் சுத்தம் செய்கிறார்கள், மனு கொடுக்கிறார்கள். இதனால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா, இல்லை போட்டோ எடுப்பதோடு சரியா? ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளையும் கூட்டி வரலாமா?" இதுதான் உங்கள் கேள்வி.

மாறுகிறது. ஆனால் மெதுவாகத்தான் மாறும். அதுவும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களால்தான் மாறும். எனக்கு இது புரிய நான்கைந்து வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோட்டாறு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங்கும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு பல வாரங்களுக்குக் கடையில் நிவாரண மனுக்கள்தான். விழுந்த ரப்பர் மரம், ஒடிந்த வாழை என்று போட்டோவோடு வருவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுப் பெண்கள் ரேஷன் கார்டு நகலெடுக்க வந்து, ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். அந்த நாட்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேறு மாதிரி ஒரு மனுவோடு வந்தார். புயலில் சாய்ந்த சாலையோர மரங்களுக்குப் பதிலாகப் புன்னை, பூவரசு, நாவல் நட வேண்டும் என்று கேட்கும் மனு. டைப் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை காலையில தேரூர் குளத்துக்கு வாங்கம்மா. டைப் பண்ணினா போதுமா, பாக்க வேண்டாமா?" என்றார்.

தேரூர் என்றால் கவிமணி பிறந்த ஊர் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். சுசீந்திரம் குளத்தை எத்தனையோ தடவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். வெள்ளையாக நின்றால் கொக்கு, கறுப்பாக நின்றால் நீர்க்காகம், அவ்வளவுதான். அன்று காலை ஆறரை மணிக்குப் பைனாகுலரை முதன்முதலாகக் கையில் வாங்கினேன். கூழைக்கடா ஒன்று தண்ணீரை அள்ளி அலகின் கீழ்ப்பையைத் தொங்கவிட்டது. மஞ்சள்மூக்கு நாரையின் முதுகுப்பக்கச் சிறகில் இளஞ்சிவப்பு இருப்பதைப் பார்த்தேன். தாமரை இலை மேல் ஒரு பறவை தரையில் நடப்பதுபோல நடந்து போனது. அதுதான் இலைக்கோழி. அதன் விரல்கள் அவ்வளவு நீளம், உடல் எடை இலை முழுக்கப் பரவிவிடும். முட்டையிட்டுவிட்டுப் பெண் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் ஆண்தான் என்று சார் சொன்னார். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் முளைப்பது இனப்பெருக்கக் காலத்தில் மட்டும். ஜனவரியில் வாலைத் தேடினால் கிடைக்காது. இதெல்லாம் எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் தெரிந்த சங்கதிகள். உங்கள் மகளுக்குப் பத்து வயதிலேயே தெரியட்டுமே.

இந்தக் குளங்கள் எல்லாம் மனிதர் வெட்டியவை. சுசீந்திரம், தேரூர் பகுதிக் குளங்களின் பெயர்கள் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே வருகின்றன. சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன, அதில் 53 வலசை வருபவை, அதாவது பருவத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவை. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே இறங்கும் வலசைப் பாதையின் தென்முனை நம் கன்னியாகுமரி மாவட்டம். 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. எங்களுக்கு அது பெரிய சந்தோஷம். அதே சமயம் பட்டியலில் இல்லாத குளங்கள் மாவட்டம் முழுக்கக் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள அந்தந்த ஊர்க்காரர்களை விட்டால் ஆளில்லை. அப்படி ஒரு குளத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். விவகாரம் இன்னும் முழுதாக முடியவில்லை என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

முதல் வருடம் ஞாயிறுதோறும் போய்ப் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதினோம். ஒரு நாள் வரப்பில் மண்வெட்டியோடு நின்ற ஒரு பாட்டா (இங்கே தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) கேட்டார்: "பறவைய எண்ணுதியளே மக்களே, தண்ணி எவ்வளவு நிக்குன்னு எண்ணினியளா?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் குளத்தை நம்பித்தான் அவர் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் நெல் நடுகிறார். எந்த மாதம் எந்த மடை (வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்) திறப்பார்கள், குளம் நிரம்பி மறுகால் (உபரி நீர் வழியும் இடம்) பாய்ந்தால் தண்ணீர் எந்த ஓடை வழியாக எங்கே போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்களுக்கோ மடை எது மறுகால் எது என்றே சரியாகத் தெரியாது. அடுத்த வாரம் அவரையே கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றினோம். மடைச் சுவரில் பெயிண்டால் கோடுகள் போட்டு, வாராவாரம் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுத ஆரம்பித்தோம். நோட்டில் இடப்பக்கம் பறவை, வலப்பக்கம் தண்ணீர். நாங்கள் செய்த வேலைகளிலேயே உருப்படியானது இதுதான் என்பது என் எண்ணம்.

2020 கடைசியில் மறுகால் ஓடையில் வீடு இடித்த கழிவு கொட்டத் தொடங்கினார்கள். ராத்திரி லாரி வரும், காலையில் ஒரு குவியல் இருக்கும். வாய்வழியாகச் சொன்னோம், ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "அது ஓடையே இல்லை" என்று பதில் வந்தது. 2021 நவம்பர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. மறுகால் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி இரண்டு தெருக்களுக்குள் ஏறியது. எங்களைப் பார்த்து "பறவைக்காரங்க" என்று சிரித்த தெரு ஆட்களே மறுவாரம் கடைக்கு வந்து, "அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க அக்கா" என்றார்கள்.

அப்புறம்தான் முறையாக இறங்கினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கேள்வியைச் சுருக்கமாக, ஆவணத்தைக் கேட்பது மாதிரி கேட்க வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. குளத்தின் சர்வே எண்கள், நில எல்லைகளைக் காட்டும் புல வரைபட நகல், பதிவேட்டில் உள்ள பரப்பு, கடைசியாகத் தூர்வாரிய தேதி, இந்த நான்கைக் கேட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். முதலில் வந்தது "இந்த அலுவலகத்தில் இல்லை" என்ற ஒற்றை வரி. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் விண்ணப்பத்தை அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்ததும் புல வரைபடம் வந்தது. அதில் ஓடை தெளிவாக இருந்தது.

அந்த வரைபடம், எங்கள் நோட்டின் நகல், வெள்ளத்தன்று எடுத்த போட்டோ, மூன்றையும் சேர்த்துப் பாட்டாவும் இன்னும் சில விவசாயிகளும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தார்கள். நாங்கள் பின்னால்தான் நின்றோம். குளம் அவர்களுடைய பிழைப்பு, அவர்கள் வாயால் கேட்பதுதான் சரி. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டது 2023இல். கழிவில் பாதிக்கு மேல் அள்ளிவிட்டார்கள். மீதி ஒரு மூலையில் அப்படியே கிடக்கிறது, அதற்கு இன்னும் மனு போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஓடையில் இப்போது தண்ணீர் போகிறது.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் தாமரைக் குத்தகைக்காரர்களை நாங்கள் எதிரியாகவே பார்த்தோம். குளம் முழுக்கத் தாமரை மூடினால் வாத்தினங்கள் இறங்கத் திறந்த தண்ணீர் இருக்காது, விவசாயிகளுக்கும் மனக்குறை உண்டு. அதனால் அவர்களிடம் பேசாமலே மனு எழுதினோம். பிறகு பூப்பறிக்கும் ஒரு அண்ணன் சொன்னார், இலையில் முட்டை இருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட்டுப் போவாராம். எந்த மாதத்தில் எத்தனை கூடு என்பது எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. தோவாளைச் சந்தைக்குப் போகும் பூவில் அவர் வீட்டு அடுப்பும் எரிகிறது. ஒரு பகுதியைத் திறந்த தண்ணீராக விடலாம் என்று பேசி முடிவானது, அதற்கு மனுவே தேவைப்படவில்லை. முதலிலேயே போய்ப் பேசியிருக்க வேண்டும்.

கடற்கரைச் சுத்தம் பற்றிக் கேட்டீர்கள். கையுறை போட்டு, சாக்கில் அள்ளி, போட்டோ எடுத்துவிட்டுப் போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அடுத்த அலையில் திரும்ப வரும். ஆனால் மணக்குடியில் ஒரு தடவை கழிமுகத்தில் வளரும் அலையாத்தி மரங்களின் வேர்களுக்குள் சிக்கிய பைகளைப் பிரித்து எண்ணினோம். 2004 சுனாமியில் பாலமே அடித்துப் போன இடம் அது, அலையாத்தியின் அருமை அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பைகளில் பாதி நாகர்கோவில் கடைப் பைகள். என் தெருவில் உள்ள கடைகளின் பெயர்கூட இருந்தது. பழையாறு எங்கள் குப்பையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அன்றிலிருந்து மணக்குடிக்குப் போவதைவிட, எங்கள் தெருவில் கடை கடையாக ஏறிப் பேசுவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். அதனால் சுத்தம் செய்யப் போனால் எண்ணுங்கள், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

பங்குனி ஆமை முட்டையிடும் காலத்தில் தெக்குறிச்சிக் கடற்கரையில் வனத்துறை பொரிப்பகம் வைத்திருக்கும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும், நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் பொரியும். குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் மகளைக் கூட்டிப் போங்கள். டார்ச், பிளாஷ் எதுவும் வேண்டாம், வெளிச்சம் பார்த்துத் திசை மாறிவிடும். கையில் எடுக்கவும் கூடாது, வனத்துறையினர் சொல்கிறபடி நின்றால் போதும். மருந்துவாழ் மலை ஏறுவது சுலபம், வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுங்கள். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை, காலில் ஏறும் அட்டைப்பூச்சியும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் புத்தளம் உப்பளத்தில் உள்ளான் பறவைகளைப் பார்க்கலாம்.

பெரிய விஷயங்களில் எங்களைப் போன்ற சின்னக் குழு என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் கடற்கரைக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். அந்த வாரங்களில் நான் செய்தது ஒரே வேலைதான். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை எளிய தமிழில் நான்கு பக்கமாக்கி நகலெடுத்துக் கொடுத்தேன். அறிக்கைத் தமிழ் படிக்கிற மாதிரி இல்லை. கடப்புறத்துப் பெண்கள் அந்த நான்கு பக்கத்தை உரக்கப் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் கேள்வி எழுதினார்கள். இந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, புற்றுநோய் பற்றிய பயம் அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு பேசப்படுவது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்துவிட்டது. எனக்கு அது தாங்க முடியாத வேதனை. மக்கள் உட்கார்ந்து கேள்வி கேட்க இருந்த ஒரே மேடை அது. எழுதி வைத்த அந்தக் கேள்விகளைக் கிராமசபைத் தீர்மானங்களாகக் கொண்டுபோகிறோம்.

சேர்வதற்கு அடையாள அட்டை, சந்தா என்று எதுவும் தேவையில்லை. ஜனவரியில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். தமிழ்நாட்டில் 2015இலிருந்து நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கால் மணி நேரம் பார்த்து எழுதலாம், பழகுவதற்கு அதுவே நல்ல நாள். அதுவரை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் குளம் என்று பாருங்கள். அதன் மடை எங்கே, மறுகால் எங்கே என்று அங்கே வயல் வைத்திருப்பவரிடம் கேட்டு வையுங்கள். ஐ.டி. வேலையோ பேங்க் வேலையோ தெரியவில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர் என்றால் எங்கள் நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு ஆள் அவசரமாகத் தேவை, ஏழு நோட்டு அப்படியே கிடக்கிறது.

மகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், தொப்பி, தண்ணீர், பளீர் நிறம் இல்லாத சட்டை. சிறுவர்களுக்கு என்று ஒரு சின்ன பைனாகுலர் வைத்திருக்கிறோம், எடை குறைவு. மடைக்கோட்டைப் படித்து நோட்டில் எழுதும் வேலையை எப்போதும் பிள்ளைகளிடம்தான் கொடுப்போம். வரும் ஞாயிறு அவள் எழுதட்டும்.