டெஸ்மாய்டு கட்டி ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் அறுப்பதுதான் வழியா?

உங்கள் மனைவிக்கு சிசேரியன் தழும்புக்குப் பக்கத்தில், வயிற்றுச் சுவரில் டெஸ்மாய்டு, அதாவது தசைக்குள் வளரும் நார்போன்ற ஒரு கட்டி. ஒருமுறை எடுத்தும் பத்து மாதத்தில் திரும்ப வந்துவிட்டது, இந்த மாதமே மறுபடி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வலியும் பெரிதாக இல்லை, குடலையும் தொடவில்லை என்றால், வேறொரு டாக்டரிடம் காட்டும்வரை அந்தத் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். ஆனால் இதே கட்டிக்காக வலது தோளில் இரண்டு முறை கத்தி பட்டவள்.

முதலில் எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. ஊரில் ஒரு சர்ஜன் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதாம்மா" என்று ஊசி வைத்துக்கூடப் பார்க்காமல் எடுத்துவிட்டார். பிறகு வந்த பயாப்சி ரிப்போர்ட்டில்தான் ஃபைப்ரோமடோசிஸ் என்று இருந்தது, டெஸ்மாய்டுக்கு இன்னொரு பெயர். "கேன்சர் இல்ல, நல்ல கட்டிதான்" என்றார்கள், நாங்களும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். பதினாலு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. இரண்டாவது ஆபரேஷனில் கட்டியோடு சுற்றியிருந்த தசையையும் சேர்த்து எடுத்தார்கள். அதன்பிறகு கரும்பலகையின் மேல் பாதி எனக்கு எட்டவில்லை. தினமும் காலையில் தேதி எழுத உயரமான பிள்ளை ஒருத்தியைக் கூப்பிடுவேன். தலை வாரிவிட அம்மா வேண்டும். இத்தனையும் இழந்த பிறகு, ஒரு வருடம்கூட ஆகாமல் தழும்பை ஒட்டியே இரண்டு முடிச்சாக மறுபடி வந்தது.

மூன்றாவதாகப் பார்த்த புற்றுநோய் டாக்டர் பழைய பயாப்சி பிளாக்குகளை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டுகள்) வரவழைத்து, பீட்டா கேட்டெனின் என்ற புரதத்துக்கான பரிசோதனை செய்து டெஸ்மாய்டுதான் என்று உறுதி செய்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், மூணாவது தடவை வெட்டினா கட்டி போகுமோ என்னமோ, கை போயிடும். கொஞ்சம் காத்திருந்து பார்ப்போம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். இந்தக் கட்டி நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவாது, அதனால்தான் கேன்சர் இல்லை என்கிறார்கள். ஆனால் இதற்கு உறை கிடையாது. அருகம்புல் வேர்போலத் தசைக்குள் ஓடியிருக்கும், எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காயமும் தழும்பும் உள்ள இடத்தில் கிளம்புவதும் இதன் சுபாவம். ஆக, ஆபரேஷனே இன்னொரு காயம்.

சும்மா இருப்பது எப்படி வைத்தியம் ஆகும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். 2018-ல் வெளியான, சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை பற்றிய ஆய்வில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 சதவீதம் பேருக்குக் கட்டி தானாகச் சுருங்கியிருக்கிறது. மருந்து சாப்பிட்டவர்களில் அது 33 சதவீதம். நிறையப் பேருக்கு வளராமல் அப்படியே நின்றும்விடுகிறது. 2020-ல் உலக அளவில் இந்த நோய்க்கான நிபுணர்கள் கூடி எழுதிய வழிகாட்டுதலிலும், முதல் வழியாக எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பதைத்தான் வைத்தார்கள். முதல் ஸ்கேன் ஒன்றிரண்டு மாதத்தில், பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

எனக்குக் கட்டி வளர்வது நிற்கவில்லை. 6.1 சென்டிமீட்டர் இருந்தது 7.8 ஆனது, இரவில் தூங்க முடியாத வலி. அப்போதுதான் சோராஃபெனிப் ஆரம்பித்தார்கள், தினமும் 400 மில்லிகிராம். இந்த மருந்துக்குத்தான் 2012-ல் இந்திய அரசு கட்டாய உரிமம் கொடுத்தது, அதாவது காப்புரிமை வைத்திருந்த கம்பெனியின் சம்மதம் இல்லாமலே வேறொரு கம்பெனி தயாரிக்கலாம் என்ற அனுமதி. மாதம் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் விற்றதை, 120 மாத்திரை 8,800 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. அந்த உத்தரவு இல்லாவிட்டால் என்னைப்போன்ற குடும்பங்கள் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. பக்க விளைவு கடுமையாகத்தான் இருந்தது. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்து வெடித்தது, சாக்பீஸ் பிடித்தால் எரியும். யூரியா க்ரீம் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பிபி ஏறியது, அதற்கும் மாத்திரை. எட்டாவது மாத ஸ்கேனில் அளவு லேசாகத்தான் குறைந்திருந்தது. ஆனால் முன்பு படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்த கட்டி கறுத்துப்போயிருந்தது. செல்கள் அடங்கி வெறும் நாராக மாறுவதன் அறிகுறி அது என்றார் டாக்டர். வலி அதற்கு முன்பே குறைந்துவிட்டது. மருந்தை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் வளரவில்லை.

வேறு வழிகளும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட், வின்பிளாஸ்டின் இரண்டையும் குறைந்த அளவில் ஊசியாகப் போடுவது பழைய முறை. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் செலவு குறைவு. நிரோகாசெஸ்டாட் என்ற மாத்திரை 2023 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இந்தக் கட்டிக்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து. ஆய்வில் 41 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பெரும்பாலோருக்குச் சினைப்பை பாதிக்கப்பட்டது. மருந்தை நிறுத்தியபின் பலருக்குச் சரியானது என்றாலும், இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி வழியாகக் கட்டியை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையும் இருக்கிறது, குடலும் தோலும் போதிய தூரத்தில் இருந்தால். கதிர்வீச்சு வேலை செய்யும், ஆனால் சின்ன வயதில் கொடுத்தால் பின்னாளில் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் அபாயம் இருப்பதால் கடைசியில்தான் யோசிப்பார்கள்.

இனி உங்கள் மனைவி விஷயம். வயிற்றுச் சுவரில் வரும் டெஸ்மாய்டுதான் தானாகச் சுருங்க நல்ல வாய்ப்புள்ளது. காத்திருந்தும் வளர்ந்துகொண்டே போனால், அந்த இடத்தில் ஆபரேஷன் நியாயமான வழிதான், தசை போன இடத்தில் மெஷ் என்னும் வலைத்துணி வைத்துத் தைக்கலாம். தோளைப்போல அல்ல. ஆகவே ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை, அவசரம் வேண்டாம் என்கிறேன். இன்னொரு குழந்தை வேண்டும் என்றிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டி வளரலாம், மேலே சொன்ன மருந்துகள் கருவுக்கு ஆகாது. மனைவியின் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் குடல் புற்றுநோயோ குடலில் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சிகள் நிறையவோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், கொலனோஸ்கோபி தேவைப்படலாம்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற, சர்ஜனும் மருந்து கொடுக்கும் டாக்டரும் கதிர்வீச்சு டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் இடத்துக்குப் போங்கள். போகும்போது முதல் ஆபரேஷனின் பயாப்சி பிளாக், பழைய எம்ஆர்ஐ சிடி இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. என் பிளாக்கைத் தேடி எடுக்க அந்த ஆஸ்பத்திரி ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது, அதனால் நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.