பச்சை உடம்பும் பிசைந்த மாவும்: குழந்தையை இழந்த வீடுகளிலிருந்து வந்த பேக்கிங் கேள்விகள்

வயிற்றிலேயோ, பிறந்த சில நாளிலேயோ குழந்தையைப் பறிகொடுத்தவர்களும் அவர்களோடு இருப்பவர்களும் கேட்டவை இவை. வெறும் எண்ணாக உள்ள அளவுகள் எல்லாம் கிராமில், சூடு செல்சியஸில். ஒரு டிஜிட்டல் தராசு மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனது கலங்கியிருக்கும் நாளில் கண்ணளவு கைகொடுக்காது.

34 வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பிரெட் மாவு பிசைய வேண்டும்போல் இருக்கிறது. "பச்சை உடம்போடு அடுப்படிக்குப் போகாதே" என்கிறார் அத்தை. பிசையலாமா?

அத்தை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. குழந்தை கையில் இல்லை என்றாலும் இது பிரசவித்த உடம்புதான். நின்றுகொண்டு பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் அந்த இழுப்பு முழுவதும் வயிற்றுத் தையலுக்குத்தான் போகும். ஆறு வாரப் பரிசோதனை முடியும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். ஓடிஜி அடுப்பை (பேக்கிங் செய்யும் மின் அடுப்பு) தூக்கி நகர்த்தவே வேண்டாம்.

பிசையாமலே செய்யும் பிரெட் உண்டு. மைதா 300, தண்ணீர் 225, உப்பு 6, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியால் கலந்தால் போதும். அரை மணிக்கு ஒருமுறை, கையை நனைத்துக்கொண்டு மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள். நான்கு பக்கமும் மடித்தால் ஒரு சுற்று. மொத்தம் நான்கு சுற்று. பிசைவதால் வரும் வலுவை நேரமே தந்துவிடும். பிறகு மூடி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு. காலையில் வெண்ணெய் தடவிய 8க்கு 4 அங்குல டின்னில் போட்டு, விளிம்பை நெருங்கும்வரை உப்பவிட்டு, 220 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். சூடான டின்னை வேறு யாராவது வெளியே எடுக்கட்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நன்றாகப் பக்குவப்பட்ட மாவு மெத்தென்று, இளஞ்சூட்டோடு, கைக்குள் கனமாக உட்காரும். சிலருக்கு அது ஆறுதல். சிலருக்கு அந்த நிமிடமே மனம் உடைந்துவிடும். அப்படி ஆனால் மாவை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எழுந்து போங்கள். அது ஒரு நாள் காத்திருக்கும். பிரெட்டை விட்டுவிட்டு பிஸ்கட், கேக் பக்கம் போவதிலும் தவறில்லை.

உதிரப்போக்கு ஆறு வாரம்வரை இருக்கலாம். குறைந்து வந்தது வேலை செய்தபின் மறுபடி சிவப்பாகக் கூடினால் ஓய்வு போதவில்லை என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், தையலில் நீர் கசிந்தால், மார்பு சிவந்து கட்டியாகி வலித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பால் வற்றுவதற்கு மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். குழந்தை இல்லாத வீட்டில் பால் சுரப்பதைப் பற்றிப் பேசக் கூசி, வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

பிரெட் டின்னைத் தாண்டி எழும்புகிறது, அடுப்பில் வைத்ததும் நடுவில் அமுங்கிவிடுகிறது. மூன்று தடவை ஆகிவிட்டது. என் கையால் எதுவும் உருப்படாது போல.

உங்கள் கையில் குறையில்லை, சமையலறைச் சூட்டில் இருக்கிறது. செய்முறைகள் பெரும்பாலும் 24, 25 டிகிரி அறைக்கு எழுதப்பட்டவை. சித்திரை மாதத்து அடுப்படி 34 டிகிரி. ஒன்றரை மணி நேரத்தில் உப்ப வேண்டிய மாவு முக்கால் மணியில் உப்பிவிடும். அதற்கு மேலும் விட்டால் உள்ளே இருக்கும் காற்றைத் தாங்க மாவு இழைக்குத் தெம்பு இருக்காது. அடுப்புச் சூடு பட்டதும் அமுங்கும். ஃபிரிட்ஜ் தண்ணீரில் பிசையுங்கள், ஈஸ்ட்டை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் மெல்ல, பாதியளவு மேலே வர வேண்டும். உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். எழும்பவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது. அப்போதும் மோசமில்லை. பிசைந்து காற்றை வெளியேற்றி, மறுபடி உருட்டி, டின்னில் போடலாம்.

"அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன், நேரம் போனதே தெரியவில்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். துக்கத்தில் ஞாபகம் தவறும். உப்பு போட்டோமா என்பதே சந்தேகமாகிவிடும். எல்லாவற்றையும் முதலிலேயே நிறுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கிண்ணம் காலியானால் போட்டாயிற்று. போனில் அலாரம் வையுங்கள். அமுங்கிய பிரெட்டை வில்லை போட்டு 120 டிகிரியில் 40 நிமிடம் உலர்த்தினால் ரஸ்க்.

மூன்று பிரெட் அமுங்கியதும் உங்கள் குழந்தை போனதும் ஒரே காரணத்தால் நடந்தவை அல்ல. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே வரியில் இருந்ததால் இதைச் சொல்கிறோம்.

எங்கள் மகன் 640 கிராம். இரண்டு நாள் இருந்தான். அதே எடையில் ஒரு பிரெட் செய்து கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பைத்தியக்காரத்தனமா?

இல்லை. அவன் எடையை உங்கள் கை தேடுகிறது.

கணக்கு இது. அடுப்பில் பிரெட் ஏறத்தாழ 12 சதவீதம் எடையை நீராவியாக இழக்கும். 640 கிராம் பிரெட் வெளியே வர, 727 கிராம் மாவு உள்ளே போக வேண்டும். பாத்திரத்தில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சேர்த்து: மைதா 420, தண்ணீர் 260, வெண்ணெய் 25, சர்க்கரை 21, உப்பு ஏழரை, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. பிசைந்து, இரு மடங்கானதும் 727 கிராமை நிறுத்தெடுத்து, 9க்கு 5 அங்குல டின்னில் உருட்டிப் போடுங்கள். விளிம்புக்கு மேல் ஒரு விரல் எழும்பியதும் 190 டிகிரியில் 35 நிமிடம். ஒரு மணி நேரம் ஆறியபின் நிறுங்கள். ஆறும்போதும் எடை குறையும்.

அந்த 12 எல்லா அடுப்புக்கும் பொருந்தாது. 10ம் இருக்கும், 14ம் இருக்கும். ஆகவே ஒரு வாரம் முன்னால், சாதாரண நாளில், ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். உள்ளே போன எடை, வெளியே வந்த எடை இரண்டையும் குறித்தால் உங்கள் அடுப்பின் கணக்கு தெரிந்துவிடும். அன்றைய தினம் தராசு 655 காட்டினால் ஐந்து நிமிடம் மறுபடி அடுப்பில் வைக்கலாம். 620 காட்டினால் சரிசெய்ய வழியில்லை. அந்த ஏமாற்றம் அந்த நாளில் வேண்டாம்.

பிறகு என்ன செய்வது என்பதைச் சுடுவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். கணவரோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். கத்தி வைக்க மனம் வராது என்றால் முழுதாகவே ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். வீட்டில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூன்று நாளில் பூசணம் பிடிக்கும், அந்தக் காட்சி உங்களுக்கு வேண்டாம். அன்று மாலைக்குள் சாப்பிட்டுவிடுங்கள், பகிருங்கள், அல்லது வில்லை போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

நிறைமாதக் குழந்தையை, இரண்டரை, மூன்று கிலோவை, இழந்தவர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பிரெட் வீட்டு அடுப்பில் உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். அதே எடைக்குச் சின்ன பன்களாகச் சுட்டு, ஒரே துணிப்பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள்.

வருகிற மாதம் அவள் பிறந்து, இறந்து ஒரு வருடம். சின்னதாக ஒரு கேக், முட்டை இல்லாமல். "உயிரில்லாமல் பிறந்ததற்கு என்ன பிறந்தநாள்" என்கிறார்கள் வீட்டில்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே "குழந்தை" என்ற சொல் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தே குறித்தது. அவள் பிறந்தாள். நாள் உங்களுடையது.

4 அங்குல டின்னுக்கு: தயிர் 80 கிராமில் சர்க்கரை 50ஐக் கரைத்து, அரைக்கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக பேக்கிங் பவுடரும் போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். நுரைத்து வரும். எண்ணெய் 35, ஒரு சொட்டு வெனிலா, சலித்த மைதா 65. கட்டி மறையும்வரை மட்டும் கலந்து, ஏற்கெனவே சூடாக்கிய 180 டிகிரி அடுப்பில் 22 முதல் 25 நிமிடம். கலந்துவிட்டுக் காத்திருந்தால் நுரை அடங்கி, கேக் அடைபோல் ஆகும். முதல் 18 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். நுரையே வராவிட்டால் சோடா பழையது. மேலே எழுத விரும்பினால், அவள் பெயர் மட்டும் போதும்.

அன்று முடியாமல் போனால் செய்யாமல் விடலாம். அக்டோபர் 15 உலகின் பல நாடுகளில் இப்படிப் போன குழந்தைகளை நினைக்கும் நாள். மாலை 7 மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இன்னொரு தேதி தேவைப்பட்டால் அது இருக்கிறது.

என் மனைவி இரவு இரண்டு மணிக்கு எழுந்து கேக் செய்கிறாள். ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை. பேசுவதும் இல்லை. தடுக்கலாமா?

அடுப்பை அணைக்காதீர்கள். எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மாவு சலியுங்கள், டின்னுக்கு வெண்ணெய் தடவுங்கள். கேள்வி கேட்காமல் ஒருவர் கூட இருந்து வேலை செய்வது, பல வீடுகளில் முதல் பேச்சுக்கு வழிவிட்டிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் சூடு படுவது சுலபம். நீளக் கையுறை வாங்கி அடுப்பருகிலேயே மாட்டுங்கள்.

ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாதது, எல்லாம் தன்னால்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்வது, இல்லாத குழந்தையின் அழுகுரலை நம்புவது, "நானும் போய்விடுகிறேன்" என்பது. முதல் இரண்டில் மனநல மருத்துவரைப் பாருங்கள். பிந்தைய இரண்டில் அன்றே கூட்டிப்போங்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். நீங்களும் அழைக்கலாம். உங்கள் கடிதம் முழுக்க மனைவியைப் பற்றியே இருந்தது. போனது உங்கள் குழந்தையும்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. என்ன செய்து எடுத்துப்போகலாம்?

ஃபிரிட்ஜும் தட்டும் தேவைப்படாத, ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியது. நானகத்தாய் என்ற நெய் பிஸ்கட் நல்லது. நெய் 80, பொடித்த சர்க்கரை 70 இரண்டையும் வெளுக்கும்வரை குழைத்து, மைதா 120, கடலைமாவு 30, ரவை 15, ஏலப்பொடி, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து உருட்டி, 165 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். அடியில் லேசாக நிறம் மாறினால் போதும். நெய் உருகி எண்ணெயாக இருந்தால் பரந்து தட்டையாகிவிடும். உறைந்த நெய்தான் வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் தாங்கும். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"வயசிருக்கு, அடுத்தது பிறக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பினாலும் போதும். ஒரு மாதம் கழித்து, எல்லோரும் வருவதை நிறுத்தியபின், இன்னொரு டப்பா கொண்டுபோங்கள்.

வீட்டிலிருந்து கேக் ஆர்டர் எடுக்கிறேன். இழப்புக்குப் பின் வேலைக்குத் திரும்பினால், முதலில் வந்தது வளைகாப்பு கேக்.

மறுக்கலாம். "இந்த மாதம் வளைகாப்பு, முதல் பிறந்தநாள் ஆர்டர்கள் எடுப்பதில்லை" என்ற ஒரு வரி போதும், காரணம் வேண்டாம். தெரிந்த இன்னொரு பேக்கரின் எண்ணைச் சேர்த்து அனுப்பினால் வாடிக்கையாளர் மனம் கோணமாட்டார். அந்தத் தொட்டில் அச்சுகளையும் குட்டிக் காலணி அச்சுகளையும் யாரையாவது விட்டுப் பரணில் ஏற்றச் சொல்லுங்கள்.