மின் கட்டணத்துக்கும் விமான நிலையத்துக்கும் ஒரே மென்பொருள் நிறுவனமா?

"ஜென்ட்ராக் நிறுவனம் மின்சார நிறுவனங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் மென்பொருள் செய்கிறதாம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எப்படி வளர்ந்தது?" என்று ஹட்டனில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சரி, வீட்டிலிருந்தே தொடங்குவோம். லயத்து வாசலில் மீட்டர் பார்க்க வருபவர் குறித்துக்கொண்டு போவது ஓர் எண்தான். அது பில்லாக மாற, போன மாத அளவைக் கழித்து, அலகுகளுக்குப் படிப்படியான விலை போட்டு, நிலுவையையும் சேர்க்க வேண்டும். இலட்சக்கணக்கான வீடுகளுக்கு இதைப் பிழையில்லாமல் செய்வது உண்மையிலேயே பெரிய வேலை. விமான நிலையமும் அப்படித்தான். எந்த விமானம் இறங்கியது, அதன் எடை என்ன, எவ்வளவு நேரம் நின்றது என்று பதிந்துதான் விமான நிறுவனத்திடம் கட்டணம் கேட்கிறார்கள்.

ஜென்ட்ராக் 1989இல் நியூசிலாந்தில் தொடங்கியது. அங்கும் ஆஸ்திரேலியா, பிரித்தானியாவிலும் மின் விற்பனையில் போட்டி வந்து, வீட்டுக்காரர்களே விற்பனையாளரை மாற்ற முடிந்தது. மலையகத்தில் நமக்கு அந்த வசதி இல்லை. அந்த நாடுகளில் வீட்டுக்காரர்கள் விற்பனையாளரை மாற்ற மாற, கணக்கை ஒழுங்காக வைக்கும் மென்பொருளுக்குத் தேவை கூடியது. அப்புறம், பில் மென்பொருளை ஒருமுறை பொருத்தினால் இலேசில் மாற்ற முடியாது. ஜென்ட்ராக்கின் வாடிக்கையாளரான மின் நிறுவனம் பல வருடம் நிற்கும். வளர்ச்சிக்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன்.

2014இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2017இல் பிரித்தானியாவில் மின் கட்டண மென்பொருள் செய்த ஜூனிஃபரையும், டென்மார்க்கில் விமான நிலையப் பயணிகளின் நகர்வை அளக்கும் கருவிகள் செய்த பிளிப்பையும் வாங்கியது. விமான நிலையப் பிரிவின் பெயர் இப்போது வியோவோ.

தம்பி, உங்கள் வீட்டு பில்லை எடுத்து, அதே தொகை வரும்படி ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள்.