வனவியல் சீட் வந்திருக்கிறது, சேர்க்கலாமா?

நீட்டில் இடம் கிடைக்கவில்லை, பிளஸ் டூ மார்க்கில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மகனுக்கு சீட் வந்திருக்கிறது. "நாலு வருஷம் படித்துவிட்டு மரம் வெட்டவா போவான்?" என்பது உங்கள் கேள்வி. வெட்டுகிற இடத்திலும் படித்த ஆள் தேவைப்படுகிறது என்பதுதான் பதில்.

அரசு வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஎன்பிஎஸ்சி நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு, யுபிஎஸ்சியின் ஐஎஃப்எஸ் (இந்திய வனப் பணி) இரண்டுக்கும் இந்தப் பட்டம் செல்லும். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள்.

தனியார் பக்கம், கரூர் காகிதபுரம் போன்ற காகித ஆலைகளுக்கு விவசாயிகள் வளர்க்கும் சவுக்கும் தைல மரமும் வேண்டும். கன்று, நடவு, அறுவடை என்று வயல்வெளியில் அலைகிற வேலை அது. வெயிலுக்கு முகம் சுளிக்கிறவனுக்கு ஆகாது.

மர வியாபாரம் வேறு உலகம். செங்கோட்டை மில்லோ தூத்துக்குடி இறக்குமதி மரமோ, முதல் பாடம் அளவு. உருட்டு மரத்தின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் (அடியில்) பெருக்கி 144ஆல் வகுப்பார்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. உருளைக் கணக்குப்படி அதே மரம் ஏறத்தாழ 12.7 கன அடி. அந்த வித்தியாசத்தை அறுப்பில் போகும் சேதாரத்துக்கு என்று விட்டுவிடுவது வழக்கம். எந்தக் கணக்கில் விலை பேசுகிறோம் என்று தெரியாதவன் முதல் லோடிலேயே ஏமாறுவான்.

அடுத்தது பதப்படுத்தல், அதாவது அறுத்த மரத்தை உலர்த்துவது. ஆள் பற்றாக்குறை இங்கேதான் என்பது என் கணிப்பு. அறுத்த பலகையை ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். பலகைகளுக்கு இடையே ஒரு அங்குல ரீப்பரை (மரச்சட்டத்தை) சுமார் இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். கோடு விலகினால் பலகை வளையும். சூடேற்றி உலர்த்தும் சீசனிங் சேம்பரில் அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேல்தோல் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதைத் தச்சர் கிழித்த மறுநிமிடம் கோணிக்கொள்ளும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு வந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தவனை ஃபர்னிச்சர் தொழிற்சாலைகள் தேடும். டேராடூனில் மர அறிவியலுக்கென்றே எம்.எஸ்சி. இருக்கிறது.

மரப் பராமரிப்பு நம்மூரில் இன்னும் தொழிலாகவே மதிக்கப்படுவதில்லை. 2016 வர்தா புயலில் சென்னையில் மரங்கள் சாய்ந்தது காற்றால் மட்டுமல்ல. வேரைச் சுற்றி சிமென்ட் பூசியதும், கண்டபடி மொட்டையடித்ததும் சேர்ந்துதான். கனமான கிளையைக் கழிக்க மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவெட்டு. மிச்சமிருக்கும் குட்டைத் துண்டை எடுக்க, கிளையடியில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல் கடைசி வெட்டு. முதல் வெட்டை விட்டால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். காயத்தை மூடுவது அந்த வளையம்தான். அதையும் சேர்த்து வழித்தால் உள்ளே உளுத்துப்போகும். வெளிநாடு போக நினைத்தால் ஐஎஸ்ஏ என்ற சர்வதேச மரப் பராமரிப்பு அமைப்பின் ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பாளர்) சான்றிதழ் உதவும். அதற்குப் பட்டம் மட்டும் போதாது, கள அனுபவமும் கேட்பார்கள்.

கட்டணம் கட்டுமுன் பையனை இரண்டு நாள் ஒரு அறுவை மில்லில் நிற்க வையுங்கள். செயின்சாவைத் தொட விட வேண்டாம். பிளேடின் மேல்நுனி மரத்தில் பட்டால் முகத்தை நோக்கி எகிறும். உயரத்தில் தலைசுற்றினால் மரம் ஏறுகிற வேலை வேண்டாம். வீசிங் இருந்தால் மரத்தூள் அதைக் கூட்டும். மில் பக்கத்தை விட்டுவிட்டு நாற்றங்கால், வயல் வேலை என்று யோசியுங்கள்.