ஆயுத இயக்கத்தின் பேச்சாளராக இருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை?

விடுதலைப் புலிகளின் அன்ரன் பாலசிங்கத்தை வைத்தே சொல்கிறேன். வீரகேசரியில் பத்திரிகையாளர், பிறகு கொழும்பில் பிரிட்டிஷ் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர், அப்புறம் லண்டன். பேச்சாளராவதற்குத் தேவையான பயிற்சி அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இந்த வேலையில் துப்பாக்கியைவிடச் சொல்தான் ஆபத்து. 2002 ஏப்ரல் 10, கிளிநொச்சியில் செய்தியாளர் சந்திப்பு. பிரபாகரன் தமிழில் பேச, பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் சொன்னவர் பாலசிங்கம். ராஜீவ் கொலை பற்றிக் கேட்டபோது வந்த 'துன்பியல் சம்பவம்' என்ற சொல் இன்றுவரை அலசப்படுகிறது. ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 2006இல் ஓர் இந்தியத் தொலைக்காட்சியிடம் 'ஆழ்ந்து வருந்துகிறோம்' என்று பாலசிங்கம் சொன்னதும் பெரிய செய்தியானது. இந்தியா அதை ஏற்கவில்லை.

இன்னொரு சிக்கல், தலைமை செய்ததற்கெல்லாம் வெளியே பதில் சொல்ல வேண்டும். முடிவோ உங்கள் கையில் இல்லை. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் இலங்கை அரசுடன் நடந்த சமாதானப் பேச்சில் கூட்டாட்சித் தீர்வை ஆராய இணங்கிய புலிகளின் குழுவுக்கு அவர்தான் தலைவர். அடுத்த ஏப்ரலிலேயே புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள்.

உடம்பும் விடவில்லை. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு. 1999இல் வன்னியிலிருந்து கடல் வழியாக வெளியேறி, ஒஸ்லோவில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றார். மனைவி அடேல், ஆஸ்திரேலியரான தாதி, கடைசிவரை கூடவே இருந்தார். 2006 டிசம்பர் 14 அன்று லண்டனில் புற்றுநோயால் இறந்த பிறகு, இயக்கம் அவருக்கு 'தேசத்தின் குரல்' என்று பட்டம் கொடுத்தது.